வழக்கிலிருக்கும் வீடும் விற்பவரின் வாய்மையும்

 



வீடொன்றை வாங்க விரும்பும் ஒருவர் ஆலிம்களை நாடி வரும்போது கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் வங்கிக் கடனைப் பற்றியதாகவே அமைகின்றது. அதில் வட்டி கலந்திருக்குமா, இஸ்லாமிய வங்கிகளின் முறை ஆகுமானதா என்றெல்லாம் அவர் விசாரிக்கின்றார். இது பாராட்டத்தக்க பேணுதலாகும். ஆனால் அந்தத் தொடர்மாடி எழும்புகின்ற காணியின் மீது நீதிமன்றத்தில் வழக்கு ஏதும் இருக்கின்றதா, அதை அறியாமல் முற்பணம் கொடுக்கலாமா என்று கேட்டு வருபவர் மிக அரிது. வட்டியை விட்டுத் தப்பிய பணம், வழக்கிலே சிக்கிய வீட்டில் போய் முடங்கிவிடுகின்றது.

அந்தப் பணம் யாருடைய பணம் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்த மகனின் பணம் அது. தாயின் கையிலும் கழுத்திலும் கிடந்த நகைகள் அது. கிழக்கு மாகாணத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே திருமணம் முடிக்கும் வழமை இன்னும் நீங்கவில்லை. தலைநகரில் வாழும் குடும்பங்களிலும் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு தொடர்மாடி வீட்டை எதிர்பார்ப்பது காணப்படுகின்றது. பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில், பெண்ணின் தகப்பன் வீடு தேடி அலையும் நிலை எப்படி வந்தது என்பது தனியாகப் பேசப்பட வேண்டிய விடயம். இங்கே ஒன்றை மட்டும் சொல்லி வைக்கின்றேன். நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்ட தகப்பன் அவசரப்படுகின்றார். அவசரப்படுபவர் பத்திரங்களைப் பார்ப்பதில்லை. அவரது அவசரத்தை நன்கறிந்தே விற்பவர் விலை பேசுகின்றார்.

சரி, நிலுவையில் உள்ள ஒரு வழக்கு வீடு வாங்குபவரை எவ்வாறு பாதிக்கின்றது? வழக்கு நிர்மாணக் கம்பனியின் மீதுதானே, தீர்ப்பு வந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணமே பல குடும்பங்களை வீழ்த்திய குழியாகும்.

நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது. காணியை விற்பது மாத்திரமன்றி, விற்பதாக வாக்களிப்பதும்கூட எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டால் அன்றிச் சட்டத்தில் செல்லுபடியாகாது என்று அது கூறுகின்றது. பளபளப்பான தாளில் அச்சிட்ட முற்பதிவுப் படிவமும், கம்பனியின் முத்திரை குத்திய பற்றுச்சீட்டும் நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரமாகலாம். வீட்டின் மீது உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கு அவை ஆதாரமாகா. இதைப் படிக்கும்போது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், நீதியுடன் எழுதும் எழுத்தாளரைக் கொண்டு எழுதுமாறும், இரு சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கின்றது. ‘நம்ம ஆள்தானே, எழுத்து எதற்கு’ என்று சொல்பவர் பெருந்தன்மையாளர் போலத் தோன்றலாம். அவர் புறக்கணிப்பது அல்லாஹ்வின் வழிகாட்டலையே என்பதை உணர வேண்டும்.

அடுத்து, 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு காணி தொடர்பாக நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதைக் காணிப் பதிவகத்தில் அக்காணிக்குரிய பக்கத்திலேயே பதிய முடியும். அவ்வாறு பதியப்பட்ட பின்னர் அக்காணியை வாங்குபவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவராகின்றார். அவர் வழக்கின் தரப்பினர் அல்லர். நீதிமன்றத்தின் வாசலையே மிதித்திருக்க மாட்டார். எனினும் விற்றவர் தோற்றால், வாங்கியவரும் தோற்றவரே. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. பதிவேடு அனைவருக்கும் திறந்திருக்கும் ஏடு. கட்டணம் செலுத்திப் பார்த்திருக்கலாமே என்றே கேட்கப்படும்.

பாகப்பிரிவினை வழக்காயின் நிலைமை இன்னும் கடுமையானது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, வழக்குப் பதிவகத்தில் பதியப்பட்டதிலிருந்து அது இறுதியாகத் தீரும் வரை அக்காணியின் பிரிக்கப்படாத பங்கை விற்பதோ ஈடு வைப்பதோ குத்தகைக்குக் கொடுப்பதோ ஆகாது. மீறிச் செய்யப்படும் உறுதி வெறுந்தாள் ஆகிவிடும். இத்தகைய வழக்குகள் தகப்பன் காலத்தில் ஆரம்பித்துப் பேரன் காலம் வரை நீள்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. இந்தப் பாகப்பிரிவினை வழக்குகள் எங்கிருந்து பிறக்கின்றன? வாப்பா மௌத்தாகி நாற்பது நாட்களுக்குள் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் குடும்பங்கள், நாற்பது வருடங்களாகியும் அவரது காணியைப் பங்கிடுவதில்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமின்றிய வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஅத்தின்படியே பங்கிட இந்நாட்டில் நமக்கு வழி செய்திருக்கின்றது. இருந்தும் சகோதரிகளின் பங்கைக் கொடுக்காமலேயே மூத்தவர் முழுக் காணியையும் நிர்மாணக் கம்பனிக்கு எழுதிக் கொடுக்கின்றார். கம்பனி பத்து மாடி எழுப்புகின்றது. பத்தாம் மாடியில் வீடு வாங்கியவர் யாரோ ஒருவர். அவருக்கு அந்தச் சகோதரிகளின் பெயர்கூடத் தெரியாது. ஒரு நாள் சகோதரியின் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குச் செல்கின்றனர். அவர்கள் கேட்பது தம் உரிமையைத்தான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. வாரிசுப் பங்கை மறுத்தவர், அந்தக் காணியில் வீடு வாங்கிய அந்நியரின் நட்டத்துக்கும் வழிவகுத்தவராகின்றார்.

வேறொரு வகை வழக்கு காணி உரிமையைப் பற்றியதன்று; கடனைப் பற்றியது. நிர்மாணக் கம்பனிகள் பெரும்பாலும் காணியை வங்கியில் ஈடு வைத்தே கட்டிடத்தை எழுப்புகின்றன. அதே வேளையில் அதே கட்டிடத்தின் வீடுகளை உங்களிடம் விற்கின்றன. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், கடனைத் திருப்பாதவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலேயே வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொண்டு ஏலமிட வங்கிகளுக்கு அதிகாரம் அளிக்கின்றது. ‘பராட்டே’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். கம்பனி கடனில் மூழ்கி, அதைக் கலைப்பதற்கான வழக்கு வருமாயின், ஈடு பெற்ற வங்கி முன்னே நிற்கும். உறுதி கையில் இல்லாத வீட்டுக்காரர் பின்வரிசையில் நிற்பார். அவர் முழுப் பணத்தையும் செலுத்தியிருந்தாலும் நிலைமை இதுவே.

நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தெளிவாகப் பேசியுள்ளன. ஈடு வைக்கப்பட்ட பொருளை, ஈடு பெற்றவரின் அனுமதியின்றி விற்பது செல்லாது. விற்பவர் பொருளை ஒப்படைக்கச் சக்தியுள்ளவராக இருப்பது விற்பனையின் நிபந்தனைகளில் ஒன்று. பறிக்கப்பட்ட பொருளை, அதை மீட்டெடுக்கச் சக்தியுள்ளவருக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது. இச்சட்டங்களை மதரஸாவில் ஓதும்போது ஓடிப்போன ஒட்டகத்தையும் அபகரிக்கப்பட்ட தோட்டத்தையும் உதாரணமாகச் சொல்வார்கள். தடையுத்தரவு விதிக்கப்பட்ட தொடர்மாடிக்கும் ஓடிப்போன ஒட்டகத்துக்கும் இவ்விடயத்தில் என்ன வேறுபாடு? இரண்டையும் விற்றவரால் கொண்டுவந்து கையில் தர முடியாது.

இன்னும் கட்டப்படாத வீட்டை வாங்குவது கூடுமா என்று இளைஞர் சிலர் கேட்கலாம். 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, செய்து தருமாறு கட்டளையிடும் ‘இஸ்திஸ்னாஃ’ உடன்படிக்கையை ஏற்று, அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும் தீர்மானித்தது. பொருளின் வகையும் அளவும் தன்மையும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், காலம் குறிக்கப்பட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். வழக்கு நடந்துகொண்டிருக்கும் காணியில் எந்தக் காலத்தைக் குறிப்பது? நீதிபதி எப்போது தீர்ப்பளிப்பார் என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

இந்தியாவின் தலைநகருக்கு அருகே நொய்டா என்னும் நகரில் நிகழ்ந்ததை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். நிலுவையிலுள்ள வழக்கு என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். சூப்பர்டெக் என்ற நிர்மாணக் கம்பனி அங்கு ‘எமரால்ட் கோர்ட்’ என்ற குடியிருப்பைக் கட்டி விற்றது. வாங்கியவர்களுக்குக் காட்டிய வரைபடத்தில் பூங்காவும் திறந்த வெளியும் இருந்தன. பின்னர் வரைபடம் மாற்றப்பட்டு, அந்தத் திறந்த வெளியில் அபெக்ஸ், சியான் என்ற இரண்டு வானளாவிய கோபுரங்கள் எழத் தொடங்கின. முன்பே குடியேறியிருந்தோரின் சங்கம் 2012இல் அலஹாபாத் மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2014 ஏப்ரலில் கோபுரங்களை இடிக்குமாறு அந்நீதிமன்றம் கட்டளையிட்டது. கம்பனி இந்திய உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தது. மேலும் ஏழு வருடங்கள் சென்றன. 2021 ஆகஸ்ட் 31ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இடிப்புக் கட்டளையை உறுதி செய்தது. கட்டிடங்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி பேணப்படவில்லை என்றும், நகர அதிகார சபையின் அதிகாரிகள் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்திருந்தனர் என்றும் அது கண்டறிந்தது. 2022 ஆகஸ்ட் 28ஆம் திகதி சுமார் 3,700 கிலோகிராம் வெடிபொருளைக் கொண்டு இரு கோபுரங்களும் சில வினாடிகளில் மண்மேடாக்கப்பட்டன.

கோபுரங்கள் விழுந்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்து வியந்தது. அந்தக் கோபுரங்களில் வீடு வாங்கியோரைப் பற்றிப் பேசியோர் குறைவு. 600க்கும் மேற்பட்டோர் அங்கு வீடுகளை முற்பதிவு செய்திருந்தனர். வழக்கு நடந்த காலத்தில் சிலர் அதே கம்பனியின் வேறு திட்டங்களுக்கு மாறினர். சிலர் பணத்தைத் திரும்பப் பெற்றனர். சுமார் 250 பேர் இறுதி வரை எஞ்சி நின்றனர். அவர்களது பணத்தை ஆண்டுக்கு 12 வீத வட்டியுடன் மீளச் செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. (அந்த வட்டியின் மார்க்கச் சட்டம் வேறு விடயம், அது இப்பேச்சில் அடங்காது.) ஆனால் பணம் கைக்கு வந்து சேர்வதற்கு முன்னரே, 2022 மார்ச்சில் கம்பனி கடன் தீர்க்க இயலாத நிலைக்கான சட்ட நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டது. வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மீண்டும் நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது.

அதே நொய்டாவில் அம்ரபாலி என்ற மற்றொரு நிர்மாணக் குழுமத்தின் வழக்கில் 42,000க்கும் அதிகமான வீட்டு வாங்குநர்கள் பாதிக்கப்பட்டிருந்தனர். 2019 ஜூலை 23ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், வாங்குநர்கள் கொடுத்த பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டிருந்ததை உச்ச நீதிமன்றம் வெளிப்படுத்தி, எஞ்சிய கட்டிட வேலையை அரச நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. வீட்டுக்காக வாங்கிய கடனின் தவணையையும், குடியிருக்கும் வீட்டின் வாடகையையும் ஒரே மாதத்தில் செலுத்திக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பது எத்தகைய வேதனை என்பதைக் குடும்பத் தலைவர்கள் நன்குணர்வார்கள்.

நொய்டாவின் அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வழக்குத் தொடுத்தவர்களும் வீடு வாங்கியவர்களே. பாதிக்கப்பட்டவர்களும் வீடு வாங்கியவர்களே. முதலில் குடியேறியோரின் வழக்கு நியாயமானது. ஆகவே வழக்கு என்றாலே தீமை என்று நாம் கருதலாகாது. தீமை எதுவெனில், வழக்கு இருப்பதை அறிந்துகொண்டே, அதை அறியாத ஒருவரிடம் வீட்டை விற்பதாகும்.

சந்தையில் குவிக்கப்பட்டிருந்த தானியத்தினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்கள் ஈரமாயின. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கூறினார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குளிரூட்டிய மாதிரி வீடு, பளிங்குத் தரை, வண்ணப் புத்தகம் இவையெல்லாம் மேலே பரப்பிய உலர்ந்த தானியமே. அடியிலிருக்கும் ஈரம் வழக்கிலக்கமாக நீதிமன்றப் பதிவேட்டில் கிடக்கின்றது. பெறுமதியைக் குறைப்பதும், வாங்குபவரின் நோக்கத்தைக் கெடுப்பதும் ‘குறை’ என்று பிக்ஹ் நூல்கள் வரையறுக்கின்றன. சுவரில் உள்ள வெடிப்பு குறையென்றால், உரிமையில் உள்ள வெடிப்பு அதைவிடப் பெரிய குறையல்லவா?

விற்பவரின் கடமை தெளிவானது. ஆனால் விடயம் தெரிந்த மூன்றாம் நபரின் கடமை என்ன? இதுவே நமது சமூகத்தில் மிகவும் கைவிடப்பட்ட பகுதி என்பது எனது கருத்து.

இமாம்களான அஹ்மத், ஹாகிம் ஆகியோர் பதிவு செய்துள்ள ஒரு செய்தியைக் கேளுங்கள். ஒருவர் நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) அவர்களது இல்லத்திலிருந்து ஓர் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரழி) அவர்கள் ஆடை தரையில் இழுபட அவரைப் பின்தொடர்ந்து வந்து, இதன் குறையை உமக்குச் சொன்னார்களா, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பிரயாணத்துக்காக வாங்கினீரா என்று வினவினார்கள். ஹஜ்ஜுக்குச் செல்லவே வாங்கினேன் என்றார் அவர். அப்படியாயின் இதன் குளம்பில் ஓட்டை இருக்கின்றது என்று வாஸிலா (ரழி) அவர்கள் சொல்லிவிட்டார்கள். விற்றவருக்குக் கோபம் வந்தது. என் வியாபாரத்தைக் கெடுக்கின்றீரே என்றார். அதற்கு அவர்கள், பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல, அக்குறையை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாகக் கூறினார்கள்.

ஆடை இழுபட ஓடி வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒட்டகம் இறைச்சிக்காக வாங்கப்பட்டிருந்தால் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டேயல்ல. பிரயாணத்துக்கென்றால் நடுவழியில் நின்றுவிடும். வாங்குபவரின் தேவையைக் கேட்டறிந்து, அதற்கேற்ப எச்சரித்தார்கள்.

நம் நிலைமை எப்படி? நிர்மாணக் கம்பனியின் உரிமையாளர் பள்ளிவாசலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவராக இருப்பார். ரமழானில் கஞ்சிக்கு அரிசி அனுப்புபவராக இருப்பார். அவருடைய காணியில் வழக்கு இருப்பது நிருவாக சபையில் நாலு பேருக்குத் தெரியும். ஜமாஅத்தில் ஒரு தகப்பன் அங்கே வீடு வாங்கப் போவதும் அவர்களுக்குத் தெரியும். எனினும் அனைவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், ஒரு முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டும், புறம் பேசலாகாது என்பார்கள். மார்க்கத்தின் பெயராலேயே மார்க்கக் கடமை கைவிடப்படுகின்றது.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகின்றார்கள். தீங்கைப் பற்றி முஸ்லிம்களை எச்சரிப்பதும், திருமண உறவு, கூட்டு வியாபாரம் போன்றவற்றில் ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்வதும் அவற்றில் அடங்கும். ஃபாதிமா பின்த் கைஸ் (ரழி) அவர்களைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூறியபோது, ஒருவர் பொருள் வசதியற்றவர் என்றும், மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும் வெளிப்படையாகவே சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. அந்த இருவரும் நபித்தோழர்கள். ஒரு பெண்ணின் வாழ்வு பாதிக்கப்படக்கூடாது என்பதற்காக அவர்களது குறை சொல்லப்பட்டது.

ஆயினும் எச்சரிப்பதற்கும் அவதூறு பரப்புவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டலாகாது. வழக்கு நிலுவையில் உள்ளதென்றால் எவருடைய குற்றமும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதே பொருள். பொய் வழக்குப் போட்டு நேர்மையான கம்பனியை மிரட்டிப் பணம் பறிப்போரும் இருக்கின்றனர். இன்ன நீதிமன்றத்தில் இன்ன இலக்க வழக்கு இருக்கின்றது, விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது நஸீஹத். அவன் கள்ளன், ஊரை ஏமாற்றுபவன் என்று கைபேசியில் பத்துப் பேருக்கு அனுப்புவது பாவம். அல்ஹுஜுராத் அத்தியாயம் செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடுவது இதற்கும் பொருந்தும்.

நிர்மாணத் தொழிலில் உள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, எதிர்த்தரப்பு களைத்துப்போகும் வரை காத்திருப்பது சிலரது உபாயமாகி வருகின்றது. வசதியுள்ளவர் கொடுக்க வேண்டியதைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபிமொழி. மேலும், வாதத்தில் வல்லவர் ஒருவருக்கு, அவரது பேச்சைக் கேட்டு மற்றவரின் உரிமையைத் தாம் தீர்த்துவிட்டால், அது தாம் அவருக்கு வெட்டிக் கொடுக்கும் நெருப்புத் துண்டேயாகும் என்று உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். திறமையான சட்டத்தரணியைக் கொண்டு வென்றுவிட்டேன் என்பது மஹ்ஷரில் சமாதானமாகாது.

பெற்றோரே! வாங்குவதற்கு முன்னர் நீங்கள் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசை நியமித்துக்கொள்ளுங்கள். கம்பனி காட்டும் நொத்தாரிசு கம்பனியிடம் சம்பளம் பெறுபவர். அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்களுக்காக நிற்க வேண்டியவர் அல்லர். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள், வீட்டின் திரைச்சீலைக்கு அதைவிட அதிகம் செலவழிப்பதைக் காண்கின்றோம். காணிப் பதிவகத்தில் அக்காணியின் ஏட்டை உங்கள் நொத்தாரிசு நேரில் பார்க்க வேண்டும். ஈடும் வழக்கும் அங்கே தெரியவரும். கம்பனியின் மீதுள்ள கடன் பொறுப்புகள் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கும். காணியைப் பற்றியதல்லாத கடன் வழக்குகள் காணி ஏட்டில் தெரியமாட்டா. ஆகையால் மாவட்ட நீதிமன்றத்திலும் விசாரிப்பது அவசியம். ஈடு இருந்தால், உங்கள் வீட்டை அந்த ஈட்டிலிருந்து விடுவிக்கும் கடிதத்தை வங்கியிடமிருந்து கேளுங்கள். தொடர்மாடிகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம் உள்ளது. அதன் கீழ் கட்டிடத்தின் வரைபடம் பதியப்பட்டாலன்றி உங்கள் வீட்டுக்கெனத் தனி உறுதி எழுத முடியாது. எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையில், காணியின் மீதோ கம்பனியின் மீதோ வழக்கேதும் இல்லை என்று விற்பவர் கையொப்பமிட்டுச் சொல்லும் ஒரு வாசகம் இடம்பெறட்டும். அதை எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அவர் எவ்வளவு பெரிய தர்மவானாக இருந்தாலும் சரியே.

ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டு, இப்போது வழக்கு இருப்பதை அறிந்து கலங்கி நிற்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். குறை தெரியவந்தால் தாமதியாமல் செயற்பட வேண்டும் என்பது நமது மத்ஹபின் நிலைப்பாடு. நாட்டின் சட்டமும் உறங்குபவருக்கு உதவுவதில்லை. பற்றுச்சீட்டுகளை ஒன்றுசேர்த்து வையுங்கள். கோபத்தில் தவணையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். உடன்படிக்கையை மீறியவர் நீங்கள் என்று கம்பனி சொல்ல அது வழியாகும். சட்டத்தரணியின் ஆலோசனையுடன் எழுத்திலே அறிவித்தல் கொடுங்கள். அதே கட்டிடத்தில் வீடு வாங்கிய மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் சிங்களவராகவும் தமிழராகவும் இருக்கலாம். அநியாயத்துக்கு உள்ளானவர்கள் என்ற வகையில் எல்லோரும் ஓரணியே. பத்துப் பேர் பத்துச் சட்டத்தரணிகளுக்குக் கொடுப்பதைவிட, ஒன்றுசேர்ந்து ஒருவரை அமர்த்தி, நடக்கும் வழக்கில் இடையீட்டுத் தரப்பினராகச் சேர அனுமதி கேட்பது சிறந்தது. நொய்டாவில் தனித்தனியாக நின்றவர்கள் அல்லர், சங்கமாக நின்றவர்களே கோபுரத்தை அசைத்தார்கள்.

இளைஞர்களே! இத்தகைய நிலையில் உங்களில் ஒருவருக்கு ஓர் ஆலோசனை கிடைக்கும். தரகர் ஒருவர் வந்து, இன்னும் செய்தி வெளியே பரவவில்லை, உங்கள் முற்பதிவை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், போட்ட பணமாவது வந்துவிடும் என்பார். வாங்க வருபவர் மாத்தளையிலோ மூதூரிலோ இருந்து வரும் அறியாத ஒரு தகப்பனாக இருப்பார். நேற்று உங்களுக்கு நடந்ததை இன்று நீங்கள் அவருக்குச் செய்யும்படி கேட்கப்படுகின்றீர்கள். ஏமாற்றப்பட்டவருக்கு ஏமாற்றும் உரிமை கிடைத்துவிடுவதில்லை. நீங்கள் விற்கலாம், ஆனால் வழக்கின் இலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் தடையுத்தரவின் பிரதியையும் அவர் கையில் கொடுத்துவிட்டே விற்க வேண்டும். அப்படிச் சொன்னால் விலை பாதியாகிவிடும் என்பது உண்மைதான். அந்தப் பாதி விலைதான் வழக்கிலுள்ள அவ்வீட்டின் உண்மையான விலை. மீதிப் பாதியை உங்களுக்குத் தர வேண்டியவர் உங்களை ஏமாற்றியவரே. மூதூரிலிருந்து வந்தவர் அல்லர். அதை நீதிமன்றத்தில் அவரிடமே கேட்டுப் பெறுங்கள்.